கந்தம்மாளுக்கு ஏற்ற நாய்

சந்திரசேகர் கேட்டுக்கு வெளியே நின்று அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்தான். உள்ளே மணி அடிப்பது அவனுக்கு நன்றாகவே கேட்டது. சமையலறையில் குக்கர் விசில்மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்ததும் கேட்டது. அம்மாவின் செல்போனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தான். அதுவும் கூடத்தில் எங்கோ கிடந்து அடித்து ஓய்ந்தது.

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து உண்டு. அதன் வழியே எட்டிப் பார்த்தான். கொல்லையில் அம்மா இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். தெருவில் சைக்கிளில் போனவர் இறங்கி நின்று பார்த்தார். அம்மா திரும்பவில்லை.

சுவரேறிக் குதித்து முதலில் அடுப்பை அணைத்தான். பருப்பு கரிந்து குக்கரின் அடியோடு ஒட்டியிருந்தது. பிறகு கொல்லைக்குப் போய் அம்மாவின் தோளில் கை வைத்தான். கந்தம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏஞ்சாமி, எப்ப வந்தே? கேட்டு தொறந்தா கெடந்துது?"

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அவனுக்குத் தெரியும். கொஞ்சம் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

கந்தம்மாள் வெண்ணந்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து விசைத்தறிப் பட்டறையில் நின்றவள். ஓடும் தறிகளுக்கு நடுவே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லாருமே உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். நூல் அறுந்தால் விரலைச் சுழற்றுவார்கள். நிறுத்த வேண்டுமென்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். அந்தப் பழக்கத்தால், முகத்துக்கு நேரே நின்று யார் பேசினாலும் கந்தம்மாள் சரியாகப் பதில் சொல்லிவிடுவாள். தறி வேலையை விட்டு வீட்டோடு ஆன பிறகும் அந்தச் சாமர்த்தியம் அவளைக் காப்பாற்றியது. கல்யாண வீடுகளில் எதிரே இருப்பவர் சிரித்தால் அவளும் சிரிப்பாள். புருஷன் கைலாசம் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் அவள் தனி.

காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். மாட்டினால் பாத்திரம் வைக்கிற சத்தமெல்லாம் இடியாக இறங்கியது. பேச்சு மட்டும் புரியவில்லை. நரம்பு கெட்டுவிட்டதென்று டாக்டர் சொன்னார். மணி அடித்தால் எரிகிற விளக்கு ஒன்றைச் சந்திரசேகர் கூடத்தில் மாட்டிவிட்டுப் போனான். கொல்லையில் இருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

"எங்களோட சேலம் வந்துரும்மா."

"அஸ்தம்பட்டில வந்து நாலாவது மாடில உக்காந்துக்கிட்டு நா என்ன சாமி பண்ணுவேன்? அப்பா வந்தா ஊடு பூட்டிக் கெடக்கோணுமா? இங்கயே இருந்துக்கறேன். ஊர்ல யாருகிட்டயும் சொல்லிப்போடாத. செவிடின்னு பேரு வெச்சுருவாங்க."

நாய் யோசனையைச் சொன்னது மருமகள் அனிதாதான். அவர்கள் குடியிருப்புக்குப் பின்னால், ஏற்காடு ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் காலிமனை ஒன்று இருந்தது. அங்கே தினமும் காலையில் அறிவுச்செல்வி என்ற பெண் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்பு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். கழுத்தில் விசில் இன்னும் தொங்கியது. அனிதா அவளிடம் விஷயத்தைச் சொன்னதும், "பழக்கலாங்க. சத்தம் கேட்டா நாய் அவங்களத் தொட்டுக் கூப்பிடணும், சத்தம் வர்ற எடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். சின்ன நாயே போதும். சின்னதுன்னா அவங்களுக்கும் பாத்துக்கச் சுலபம்" என்றாள்.

சந்திரசேகர் அன்று இரவே செல்போனில் தேட ஆரம்பித்துவிட்டான். புத்திசாலி நாய்கள் வரிசை என்று ஒன்று கிடைத்தது. சின்ன நாய்களில் பூடில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. பொமரேனியன் அதற்குக் கொஞ்சம் கீழே. நீள உடம்பும் குட்டைக் காலுமான டாஷண்ட் நடுவில் எங்கோ. பக் அதற்கும் கீழே. மறுநாள் அதை அறிவுச்செல்வியிடம் காட்டினான்.

அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பொய்யில்லைங்க. புது வார்த்தைய எவ்வளவு சீக்கிரம் கத்துக்குது, சொன்ன ஒடனே செய்யுதான்னு பாத்துப் போட்ட வரிசை. நம்ம வேலைக்கு அது மட்டும் போதுமான்னு தெரியல. அம்மாவக் கூட்டிட்டு வாங்க. பாத்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை கந்தம்மாள் வேண்டாவெறுப்பாக வந்து காலிமனையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அறிவுச்செல்வி அவள் முன்னால் வந்து குனிந்து, முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினாள். கந்தம்மாளுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் அலாரம் வைத்த செல்போனைப் போட்டார்கள். அது அடிக்கும்போது நாய் கந்தம்மாளின் முழங்காலைத் தொட வேண்டும். தொட்டால் வேகவைத்த கோழித்துண்டு. முதலில் மோட்டு என்ற பக் வந்தது. கோழியைத் தின்றுவிட்டு நாற்காலி நிழலில் படுத்துக் குறட்டை விட்டது. ஸ்நோயி என்ற பொமரேனியனுக்கு விஷயம் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனால் மணி அடித்ததும் அது வாளியைப் பார்த்து நின்று குரைத்தது. கந்தம்மாளுக்கு அதன் வால்தான் தெரிந்தது. மூன்றாவதாக மின்னி. வெள்ளைப் பூடில், அறிவுச்செல்வி குட்டியிலிருந்து வளர்த்தது. இரண்டொரு முறை செய்துகாட்டியதும் மணி அடித்த மறுநொடி ஓடிவந்து முழங்காலில் காலை வைத்து, கந்தம்மாளின் கண்ணைப் பார்த்தது.

"அடி தங்கமே!" என்றாள் கந்தம்மாள். அன்றைக்கு அவள் முகம் முதன்முறையாக மலர்ந்தது.

கடைசியில் டைசன். செம்பட்டை நிற டாஷண்ட். ஊருக்குப் போகிறோம் என்று ஒரு குடும்பம் விட்டுச் சென்றது. திரும்ப வந்து அழைத்துப்போகவே இல்லை. போன் செய்து கேட்டபோது, "அது சொன்ன பேச்சே கேக்கறதில்லைங்க, மண்டு" என்று வைத்துவிட்டார்கள். மணி அடித்ததும் டைசன் யாரையும் பார்க்கவில்லை. நேராக வாளிக்குப் போய் அதைக் கவிழ்த்து, செல்போனை வாயில் கவ்விக்கொண்டு மனையின் மூலைக்கு ஓடியது. அதைப் பிடிக்க அறிவுச்செல்வியும் சந்திரசேகரும் ஓடியதைப் பார்த்துக் கந்தம்மாள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மின்னிதான் வெண்ணந்தூருக்குப் போனது. அறிவுச்செல்வி கூடவே வந்து சில நாள் தங்கி, கேட் மணி, குக்கர், செல்போன், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் என ஒவ்வொன்றாகப் பழக்கிவிட்டுப் போனாள். வீடியோ அழைப்பில் கைலாசத்திடம் கந்தம்மாள் நாயைத் தூக்கிக் காட்டினாள். "ஏனுங்க, பாருங்க, நீங்க கூப்புட்ட ஒடனே வந்து சொல்லிப்போட்டா. நம்ம பையனக் காட்டியும் வெவரம்."

சிக்கல் மெதுவாகத்தான் தொடங்கியது. ஒருநாள் மின்னி வந்து தொட்டது. கந்தம்மாள் எழுந்து கேட்டுக்குப் போனாள். யாருமில்லை. வந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்து பிஸ்கட் கொடுத்தாள். சற்று நேரத்தில் மறுபடியும் தொட்டது. இப்போது எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் அந்தக் கண்களைப் பார்த்தால் கொடுக்காமல் இருக்க மனம் வரவில்லை. பகலெல்லாம் தனியாக இருப்பவளிடம் ஒரு ஜீவன் வந்து காலைத் தொட்டால் எப்படி விரட்டுவது? நாளாக ஆக மின்னி சும்மாவே வந்து தொட ஆரம்பித்தது. கந்தம்மாளும் அது தொட்டதும் எழுந்துபோவதை விட்டுவிட்டாள்.

அப்படி ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மின்னி வந்து தொட்டது. கையை வீசி விரட்டினாள். மீண்டும் வந்தது. "அக்கட்ட போ" என்று சற்றுக் கோபமாக வீசினாள். மின்னி அவள் முகத்தைப் பார்த்தது. பேசாமல் போய் மூலையில் படுத்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற நாய் அது.

தொட்டி நிரம்பி, தண்ணீர் மாடியிலிருந்து வழிந்து, பக்கத்து வீட்டு வாசலில் பாய்ந்தது. அங்கே ஆராயி நிலக்கடலை காயப் போட்டிருந்தாள். கந்தம்மாளைவிட நாலைந்து வயது மூத்தவள், மாடு கன்றும் கொஞ்சம் காடும் வைத்திருக்கிற விவசாயக் குடும்பம். சுவரோரம் வந்து நின்று கத்தினாள். கந்தம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு அரிசியில் குனிந்திருந்தாள். எத்தனை கத்தியும் திரும்பவில்லை.

ஏற்கெனவே ஆராயிக்கு மனத்தாங்கல் உண்டு. சில மாதங்களாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் கந்தம்மாள் பதில் சொல்வதில்லை. மகன் சேலத்தில் மாடி வீடு வாங்கியதும் திமிர் வந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டாள்.

மாலையில் ஊறிக் கிடந்த கடலையைப் பார்த்தபோது கந்தம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் காதில் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மின்னி வந்து மடியில் படுத்தது. அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அழுதாள்.

அனிதா சொல்லி அறிவுச்செல்வி வந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"எம்மேலதான் தப்பு. சும்மா சும்மா தீனி போட்டுக் கெடுத்துப்போட்டேன்" என்றாள் கந்தம்மாள்.

"உங்க தப்பு மட்டும் இல்லைங்கம்மா, நானும் யோசிக்கல. இவ நாம சொல்றத மட்டும் கத்துக்கறதில்ல, நம்மளையே கத்துக்கறா. நீங்க சந்தோசமா இருந்தா என்ன செய்யணும், கோவமா இருந்தா என்ன செய்யணும், எல்லாம் தெரியும். வேண்டாம்னு நீங்க சொன்னா விட்டுர்றா. உங்களுக்கு விடாத நாய் வேணும்."

"அப்புடி எந்த நாயி இருக்குது?"

அறிவுச்செல்வி சிரித்தாள். "செல்போனக் கவ்வீட்டு ஓடுனான் பாருங்க, அவன்."

சந்திரசேகருக்கு இது பிடிக்கவில்லை. வரிசையில் மேலே இருந்ததே சரிவரவில்லை, நடுவில் கிடப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றான். அறிவுச்செல்வி அவனோடு வாதாடவில்லை. "வளை தோண்டிப் பொந்துக்குள்ள போய் வேட்டையாடறதுக்குன்னு வளத்த சாதிங்க. உள்ள போயிட்டா யாரும் சொல்லிக்குடுக்க முடியாது. அதுவா முடிவெடுக்கும், எடுத்துட்டா மாத்தாது. வீட்டுல அத வெச்சிருக்கறவங்க மண்டுன்னு சொல்லுவாங்க. பழக்கறது கஷ்டம்தான். ஆனா பழகிட்டா விடாது."

டைசன் வெண்ணந்தூருக்கு வந்து சேர்ந்தது. கஷ்டம் என்று அவள் சொன்னது குறைவு. மின்னி ஒரு காலையில் கற்றதை டைசன் கற்க ஒரு பருவமே ஆயிற்று. உட்கார் என்றால் உட்காராது. வா என்றால் யோசிக்கும். யோசித்துவிட்டு வேறு பக்கம் போகும். மல்லிகைச் செடியைத் தோண்டிப் போட்டது. கைலாசத்தின் ஒற்றைச் செருப்பைக் காணோம். படி ஏறி இறங்கினால் அதன் முதுகெலும்புக்கு ஆகாது என்று அறிவுச்செல்வி சொன்னதால், விடுப்பில் வந்திருந்த கைலாசம் வாசலில் ஒரு பலகையைச் சரிவாகப் போட்டுக்கொடுத்தார். அதில் ஏறாமல் பக்கத்திலிருந்த படியிலேயே ஏறியது.

"இதுக்கு அந்த வெள்ளச்சியே தேவலையாட்ட இருக்குதே" என்றார் கைலாசம்.

ஆனால் கந்தம்மாள் விடவில்லை. வாயால் சொல்வதை நிறுத்திவிட்டு, ஒருநாள் தன்னையறியாமல் தறிப் பட்டறைக் கையைக் காட்டினாள். உள்ளங்கையை விரித்தாள், நில். டைசன் தலையைச் சாய்த்துப் பார்த்தது. விரலைச் சுழற்றினாள், எங்கே, காட்டு. அறிவுச்செல்வி இதைப் பார்த்துவிட்டு, இனி வார்த்தையே வேண்டாம், கை மட்டும் போதும் என்றாள். இன்னொரு கண்டிப்பும் வைத்தாள்: சத்தம் வந்த இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகே தீனி. சும்மா தொட்டால் ஒன்றும் கிடையாது. இந்தத் தடவை கந்தம்மாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதைக் கடைப்பிடித்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் கேட் மணிக்கும் குக்கருக்கும் தொட்டிக்கும் டைசன் வந்து காலைப் பிறாண்டத் தொடங்கியது. செல்போன் மட்டும் அதற்குப் பிடிபடவே இல்லை. மின்னி சேலத்துக்குத் திரும்பி, அனிதாவின் குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

தை பிறந்து சில நாள் கழித்து ஒரு முற்பகல். கந்தம்மாள் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். டைசன் வந்து பிறாண்டியது. விரலைச் சுழற்றினாள். அது கொல்லைப் பக்கம் ஓடியது. பின்னாலேயே போனாள். தொட்டி நிரம்பவில்லை. குக்கர் அடுப்பிலேயே இல்லை. கேட்டில் யாருமில்லை. அவள் திரும்பி வந்து மாவில் கை வைத்தாள். டைசன் மறுபடியும் வந்தது. உள்ளங்கையை விரித்தாள். அது நிற்கவில்லை. "போடா, வேலயிருக்குது" என்று வாயாலும் சொன்னாள். அது சேலை ஓரத்தைப் பல்லில் பிடித்துக்கொண்டு பின்னால் இழுத்தது. துணி கிழிகிற அளவுக்கு இழுத்தது. அவளுக்குக் கோபம் வந்து தலையில் ஒன்று வைத்தாள். அப்போதும் விடவில்லை.

மாவுக் கையோடு அதன் பின்னால் போனாள். நாய் அவளைக் கொல்லை தாண்டி, பக்கத்து வீட்டுச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கம் தொழுவத்தில் ஆராயியின் பசு ஒருக்களித்துக் கிடந்தது. பின்னால் மண்டியிட்டிருந்த ஆராயி முகத்தைத் திருப்பி வாய்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு ஆண்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். பேசாதிருந்தவளைக் கூப்பிட வேண்டிய அளவுக்கு அவளுக்கு வேறு வழியில்லாமல் போயிருந்தது. கந்தம்மாள் தலை தெரிந்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கந்தம்மாள் சுற்றிக்கொண்டு ஓடினாள். கன்றின் இரண்டு முன்னங்கால்களும் மூக்கு நுனியும் வெளியே தெரிந்தன. அதற்குமேல் வரவில்லை. மாட்டு டாக்டர் கிளம்பிவிட்டார், வர நேரமாகும் என்பதை ஆராயியின் உதட்டிலிருந்து புரிந்துகொண்டாள். துணியைச் சுற்றி ஒரு காலை ஆராயி பிடித்தாள், இன்னொன்றைக் கந்தம்மாள் பிடித்தாள்.

பசு முக்கும்போது மட்டுமே இழுக்க வேண்டும். ஆராயி பசுவின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். கந்தம்மாளுக்கு அவளுடைய கொண்டை மட்டும் தெரிந்தது. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று தெரியாமல் ஒரு நேரத்தில் பலமாக இழுத்துவிட்டாள். பசு துடித்தது. ஆராயி வெடுக்கென்று திரும்பினாள்.

"ஏம் புள்ள, உடுன்னு எத்தன தடவ சொல்றேன்? அதுங்கூடவா காதுல ஏறல?"

கந்தம்மாள் இழுப்பதை நிறுத்தினாள். பிடியை விடாமல் சொன்னாள்.

"அக்கா, எனக்குக் காது கேக்காதுங்க. ஒண்ணுமே கேக்காதுங்க. மொகத்த எம்பக்கம் காட்டிப் பேசுங்க. முடியலீன்னா கையக் காட்டுங்க. உள்ளங்கைய விரிச்சா உட்டுர்றேன், மடக்குனா இழுக்கறேன்."

ஆராயி ஒரு கணம் அவளையே பார்த்தாள். கேட்க எத்தனையோ இருந்திருக்கும். அதற்கு நேரமில்லை. ஒரு கையை உயர்த்தினாள். உள்ளங்கை விரிந்திருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். பசுவின் வயிறு இறுகியதும் விரல்கள் மடங்கின. இழுத்தார்கள். விரிந்தது. விட்டார்கள். மறுபடி மடங்கியது. தலை வந்தது. தோள் வந்தது. பிறகு மொத்தமாக வழுக்கிக்கொண்டு கன்று இருவர் மடியிலும் விழுந்தது. ஆராயி அதன் மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது தும்மியது.

டைசன் தொழுவத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.

கைகால் கழுவிக்கொண்டு வந்த ஆராயி, கந்தம்மாளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எப்பிருந்து புள்ள இப்புடி?"

"ரொம்ப வருசமாங்க்கா. பட்டறையிலயே பாதி போயிருச்சு."

"அட பாவி மகளே. ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சுங்க்கா."

"எனக்கில்ல வெக்கமா இருக்குது. உன்னப் பத்தி எங்கெங்க என்னென்ன பேசியிருப்பேன்." சொல்லும்போதே ஆராயிக்குக் கண் கலங்கிவிட்டது. கந்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடலைக்கு மன்னிப்புக் கேட்டாள். கடலை கிடக்குது போ என்று ஆராயி கையை வீசினாள்.

அதற்குப் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆராயி அந்த வாரத்துக்குள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கந்தம்மாள் பயந்த மாதிரி யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. ஓரிருவர் வேண்டுமென்றே உரக்கக் கத்திப் பேசினார்கள், அது உதவாது என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். பால்காரர் இப்போது முன்னால் வந்து நின்று கையை ஆட்டிவிட்டுப் பேசுகிறார். சந்திரசேகர் அடுத்த முறை ஊருக்கு வந்து கிளம்பும்போது, டைசன் அவனுடைய செருப்போடு கொல்லைக்குப் போயிருந்தது. அவன் திட்டவில்லை. வெறுங்காலோடு போய் அதன் பக்கத்தில் குந்தி, கழுத்தைச் சொறிந்துவிட்டான்.

அதற்கெல்லாம் முன்னால், கன்று பிறந்த மூன்றாம் நாள், ஆராயி சீம்பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். கேட் மணியை அழுத்தியதும் டைசன் உள்ளே ஓடிப் போய்க் கந்தம்மாளை அழைத்து வந்தது. இருவரும் கூடத்தில் விசிறிக்குக் கீழே எதிரெதிராக உட்கார்ந்தார்கள். ஆராயி தூக்குப் போசியைத் திறந்து ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். கந்தம்மாள் ஒரு வாய் தின்றுவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, இத்தன மாசமாச் செவுத்துக்கு அக்கட்டருந்து என்னென்னமோ கூப்புட்டுச் சொல்லியிருப்பீங்கல்ல? எனக்கு ஒண்ணுமே தெரியாது. மொதல்லருந்து சொல்லுங்க."

ஆராயி சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பிறகு, போன ஆனியில் தன் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த கதையிலிருந்து ஆரம்பித்தாள்.